பந்தை எப்போது அவன் கையில் கொடுப்பது? இளம் பாயிண்ட் கார்டை வளர்க்க நான்கு வழிகள்

கூடைப்பந்தில் பந்தைக் கொண்டுவந்து தாக்குதலை நடத்துபவன்தான் பாயிண்ட் கார்டு. 19 வயதுப் பாயிண்ட் கார்டு ஒருவன் அணிக்கு வந்ததுமே, அவனை எத்தனை நிமிடம் ஆடவைப்பது என்ற கணக்கு தொடங்கிவிடும். 15 நிமிடமா, 25 நிமிடமா, 35 நிமிடமா? இந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது. மூலையில் நின்று பந்து வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் 20 நிமிடமும் 20 நிமிடம்தான். ஒவ்வொரு தாக்குதலையும் தானே தொடங்கி, எதிரணி இரண்டு பேராக வந்து மறிக்கும்போது வழி தேடும் 20 நிமிடமும் 20 நிமிடம்தான். கூடையருகே ஆடும் உயரமான சென்டர் ஓடியும் குதித்தும், தவறிய ஷாட்டைப் பிடிக்கும் ரீபவுண்டுக்கு மோதியும் பாதி வேலையைக் கற்றுவிடலாம். பாயிண்ட் கார்டு கற்க வேண்டியது முடிவெடுப்பதை. பந்து கையில் இல்லாமல் அது வராது. பந்து கையில் இருக்கும்போது அவன் செய்யும் தவறுக்கோ அணி முழுவதும் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

வட அமெரிக்காவின் முதன்மை லீகான என்பிஏவின் அணிகள் இதற்கு நான்கு வழிகளைக் கையாள்கின்றன. முதல் நாளே ஆட்டத்தை ஒப்படைத்துவிடலாம். மூத்த கார்டு ஒருவருக்குப் பக்கத்தில் ஆடவைக்கலாம். பெஞ்சிலிருந்து இறக்கலாம். என்பிஏவின் வளர்ச்சி லீகான ஜி லீக்குக்கு அனுப்பலாம். பெரும்பாலான பையன்களுக்கு நடுவில் உள்ள இரண்டையும் கலந்து கொடுப்பதே நல்லது என்பது எங்கள் கணிப்பு. பையனுக்கு நின்ற இடத்தில் பாஸ் வாங்கி ஷூட் செய்ய வராது என்றால் மட்டும் இந்தக் கணிப்பு மாறிவிடும். அதைப் பிறகு பார்ப்போம்.

அவன் கற்க வேண்டியது என்ன

ஒரே ஒரு பிக் அண்ட் ரோலை எடுத்துக்கொள்வோம்: சக வீரர் ஒருவர் காப்பவரை மறித்து நின்று (ஸ்கிரீன்), பிறகு கூடையை நோக்கித் திரும்பி ஓடும் (ரோல்) ஆட்டம். ஷாட் எடுக்க மிஞ்சிய நொடிகளைக் காட்டும் ஷாட் கிளாக்கில் 17. வலப்பக்கத்தில் நம் சென்டர் ஸ்கிரீன் போடுகிறார். கார்டு அவர் தோளை உரசியபடி உள்ளே திரும்புகிறான். எதிரணி சென்டர் மேலே வராமல், கூடைக்கு முன்னால் உள்ள பெயிண்ட் பகுதிக்குள் பின்வாங்கி நிற்கிறார். இதற்கு டிராப் என்று பெயர். கார்டைக் காத்தவர் ஸ்கிரீனில் சிக்கி ஓரடி பின்தங்கிவிட்டார். புதியவன் இந்த இடத்தில் இரண்டு பேரைப் பார்ப்பான்: பின்னால் துரத்துபவரையும் முன்னால் நிற்கும் சென்டரையும். அவன் கண் போக வேண்டியது மூன்றாவது ஆளிடம். எதிர் மூலையில் உள்ள ஷூட்டரைக் காக்கிற அந்த ஆள்தான் லோ மேன். ரோல் ஆகி வரும் நம் சென்டரைத் தடுப்பது அவர் வேலை. அவருடைய ஒரு கால் பெயிண்ட்டுக்குள் வந்துவிட்டால் எதிர் மூலைக்குக் களத்தின் குறுக்கே ஸ்கிப் பாஸ். வராவிட்டால் ரோல் ஆகும் சென்டருக்குப் தாழ்வான பாக்கெட் பாஸ் அல்லது உயர்த்தி எறியும் லாப்.

இந்த இடைவெளி ஒரு டிரிபிள் போடும், அதாவது பந்தை ஒருமுறை தரையில் தட்டும், நேரம்தான் இருக்கும். உறுதி செய்துகொள்ளலாமே என்று இன்னொரு டிரிபிள் போட்டால் கதை மாறிவிடும். பாஸ் சரியான ஆளை நோக்கித்தான் போகும், ஆனால் அதற்குள் லோ மேன் திரும்பிவிட்டிருப்பார். பந்தைப் பறித்துக்கொண்டு எதிர்த்திசையில் லேஅப்புக்கு ஓடுவார். அன்றைய புள்ளிவிவரத்தில் இது ஒரு டர்ன்ஓவர். வீடியோவில் பார்த்தால், சரியாகப் படித்து அரை நொடி தாமதமாகச் செய்த வேலை.

டிராப் மட்டும் என்றால் ஆறு மாதத்தில் பழகிவிடும். எதிரணி ஸ்விட்ச் செய்தால், அதாவது காப்பவர்கள் ஆளை மாற்றிக்கொண்டால், மெதுவான சென்டர் ஒருவர் தன் முன்னால் வந்து நிற்பதைக் கண்டதும் பையன் டிரிபிளிலேயே பத்து நொடியைத் தின்றுவிடுவான். இரண்டு பேரும் மேலேறி வந்து பிளிட்ஸ் செய்தால் பதறிப்போய் டிரிபிளை நிறுத்திப் பந்தைப் பிடித்துக்கொள்வான். அங்கே இரண்டு டிரிபிள் பின்வாங்கி, பொறி மூடுவதற்குள் ஃப்ரீ த்ரோ லைன் அருகே வந்து நிற்கும் நம் சென்டரிடம் பாஸைத் தள்ளிவிட வேண்டும். எந்தத் தடுப்பு வருகிறது என்பதை ஸ்கிரீன் வருவதற்கு முன்பே, எதிரணி சென்டரின் கால்கள் கூடையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை வைத்துக் கண்டுபிடிப்பவன்தான் பாயிண்ட் கார்டு.

ஆகவே டர்ன்ஓவர் எண்ணிக்கையை மொத்தமாகப் பார்த்துப் பையனைப் பெஞ்சில் உட்காரவைப்பது சோம்பேறித்தனம். ஒவ்வொன்றையும் மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும்: தவறாகப் படித்தது, சரியாகப் படித்துத் தாமதமாகவோ கோணலாகவோ கொடுத்தது, நெருக்கடியில் பந்தை இழந்தது. முதலாவதற்கு மருந்து வீடியோ. இரண்டாவதற்கு வலக்கை, இடக்கை இரண்டாலும் தனித்தனியாக, டிரிபிளிலிருந்தே நேராக எறியும் ஒரு கை பாஸ் பயிற்சி. மூன்றாவதற்கு இடக்கை டிரிபிளும் உடற்பலமும். மூன்றாவது குவியல்தான் பெரிது என்றால் பையன் இன்னும் தயாராகவில்லை. இரண்டாவது பெரிது என்றால் அவனுக்கு இன்னும் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மொத்த எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். எடுக்க வேண்டிய முடிவு நேர் எதிரானது.

முதல் வழி: முதல் நாளே சாவி

2018 டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) டல்லாஸிலிருந்து டிரே யங்கை வாங்கிய அட்லான்டா, அவரை ஆடிய 81 ஆட்டங்களிலும் முதல் ஐவரில் இறக்கியது. சராசரி 19.1 புள்ளி, 8.1 அசிஸ்ட் (புள்ளியாக மாறிய பாஸ்), 3.8 டர்ன்ஓவர். அணி 29 வென்று 53 தோற்றது. தோல்வியைப் பற்றிக் கவலைப்படாத ஓர் அணி, கோர்ட் முழுவதையும் பார்த்துப் பாஸ் செய்யும் கண் ஏற்கெனவே உள்ள ஒரு பையன்: இரண்டும் சேர்ந்தால் இந்த வழி பலிக்கும்.

அதே டிராஃப்டில் அந்தப் பரிமாற்றத்தின் மறுபக்கமாக டல்லாஸுக்குப் போன லூகா டான்சிச்சை இதற்கு உதாரணமாகக் காட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 16 வயதில் ரியல் மாட்ரிட் முதல் அணிக்கு ஆடத் தொடங்கி, 2018இல் ஐரோப்பிய கிளப் போட்டியான யூரோலீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வாகிவிட்டுத்தான் அவர் அமெரிக்காவுக்கு வந்தார். வளர்ந்த ஆண்கள் ஆடும் பிக் அண்ட் ரோலில் அவருக்கு மூன்று ஆண்டுப் பழக்கம் இருந்தது. ஓராண்டு மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டு வருபவனை அவரோடு ஒப்பிட முடியாது. கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், ஷாட் கிளாக் 30 நொடி. என்பிஏவில் 48 நிமிடம், 24 நொடி. கல்லூரியில் எதிரணி சென்டர் பெயிண்ட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கலாம். என்பிஏவின் தடுப்பு மூன்று நொடி விதி அதை விடாது. அதனால் என்பிஏவில் வழி அகலம். ஆனால் அதை மூட வருபவர்கள் இரண்டு மடங்கு வேகம்.

ஆபத்து எங்கே என்றால், மற்ற நால்வரில். டெட்ராய்ட் 2021இல் முதல் தேர்வாக எடுத்த கேட் கன்னிங்ஹாமிடம் அணியை ஒப்படைத்தது. 2023-24இல் அந்த அணி 14 வென்று 68 தோற்றது, நடுவில் தொடர்ச்சியாக 28 தோல்வி. பந்து அவர் கையில்தான் இருந்தது, ஆனால் மூலைகளில் நின்றவர்களை எதிரணி மதிக்கவே இல்லை. லோ மேன் பெயிண்ட்டுக்குள் குடியிருந்தார். அடுத்த ஆண்டு கோச் மாறினார். மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர், டோபியாஸ் ஹாரிஸ் என்று தூரத்திலிருந்து போடத் தெரிந்தவர்கள் வந்தார்கள். அணி 44 வென்று 38 தோற்றது. கன்னிங்ஹாமின் அசிஸ்ட் 7.5இலிருந்து 9.1ஆக உயர்ந்தது. அவர் வளர்ந்ததும் உண்மை. அவர் கொடுத்த பாஸைப் போட ஆள் வந்ததும் உண்மை. அந்த மூன்றாண்டுத் தவறுகளில் எத்தனை அவருடையவை என்று பிரித்துப் பார்ப்பதே கடினம். சாவியைக் கொடுப்பதானால் குறைந்தது வேகமாக ரோல் ஆகும் ஒரு சென்டரும் மதிக்கத்தக்க இரண்டு ஷூட்டர்களும் கூடவே வேண்டும். இல்லாவிட்டால் பையன் கெட்ட பழக்கங்களைக் கற்றுக்கொள்வான்: யாரும் போட மாட்டார்கள் என்று பாஸை நிறுத்துவான், ஷாட் கிளாக் 5 வரும்போது பின்வாங்கி நீண்ட தூர ஷாட் எடுப்பான்.

போர்ட்லாந்தில் ஸ்கூட் ஹெண்டர்சன் 2023-24இல் பட்டதும் இந்த வகைதான். ஜி லீக் இக்னைட்டிலிருந்து மூன்றாவது தேர்வாக வந்தவர். முதல் ஆண்டு ஷூட்டிங் 38.5 சதவீதம், ஆட்டத்துக்கு 3.4 டர்ன்ஓவர். அணி 21 வெற்றியோடு நின்றது.

இரண்டாவது: மூத்தவர் பக்கத்தில்

இதை ‘பார்த்துக் கற்றுக்கொள்வான்’ என்று விளக்குவார்கள். பார்த்துக் கற்பது கொஞ்சம்தான். இதன் உண்மையான பயன் செகண்ட் சைடு. மூத்தவர் ஒரு பக்கத்தில் பிக் அண்ட் ரோல் ஆடி எதிரணியை இழுத்துவிடுகிறார், ஒன்றும் கிடைக்கவில்லை, பந்து மறுபக்கம் பையனிடம் வருகிறது. அப்போது ஷாட் கிளாக் 11 அல்லது 12. எதிரணி ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அவனைக் காப்பவர் ஓடி வந்துகொண்டிருக்கிறார். அவன் படிக்க வேண்டியது பாதிதான். எளிய கணக்கில் தொடங்கிக் கடினமான கணக்குக்குப் போவது போல.

ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் வந்த பாதை இதுதான். 2018இல் 11ஆவது தேர்வு. கிளிப்பர்ஸில் முதல் ஆண்டு 82 ஆட்டமும் ஆடி 73இல் முதல் ஐவரில் இறங்கினாலும் சராசரி 10.8 புள்ளிதான். 2019இல் பால் ஜார்ஜ் பரிமாற்றத்தில் ஓக்லஹோமா சிட்டி போனபோது அங்கே கிறிஸ் பால், டென்னிஸ் ஷ்ரோடர் என்று பந்தைக் கையாள இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மூன்று கார்டுகளும் ஒன்றாக ஆடிய நேரங்களில் அவர் செகண்ட் சைடில் தாக்கினார். சராசரி 19 புள்ளி. 2020 நவம்பரில் கிறிஸ் பால் ஃபீனிக்ஸ் போனார், பந்து முழுவதும் கில்ஜஸ்-அலெக்சாண்டர் கைக்கு வந்தது, அசிஸ்ட் 3.3இலிருந்து 5.9ஆனது. 2024-25இல் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருதும் கோப்பையும். இரண்டு ஆண்டு பகிர்வு, பிறகு ஒப்படைப்பு.

இந்த வழிக்கு ஒரே நிபந்தனை, பாஸ் வாங்கியதும் நின்ற இடத்திலிருந்தே போடும் கேட்ச் அண்ட் ஷூட். பந்து இல்லாத நேரத்தில் பையன் மூலையிலோ விங்கிலோ நிற்கப் போகிறான். அவனால் அங்கிருந்து போட முடியாது என்று தெரிந்தால் அவனைக் காப்பவர் பெயிண்ட்டில் போய் நின்று மூத்தவரின் வழியையும் அடைப்பார். இரண்டு பேரும் கெடுவார்கள்.

ரஜான் ரோண்டோ அப்படிப்பட்ட கார்டு. தூரத்திலிருந்து போடத் தெரியாதவர். பாஸ்டன் 2007-08இல், அவருடைய இரண்டாவது ஆண்டிலேயே, பந்தை அவர் கையில் கொடுத்து ரே ஆலன், பால் பியர்ஸ், கெவின் கார்னெட் மூவரையும் சுற்றி நிறுத்தியது. மூவரும் அவரைவிடப் பெரிய நட்சத்திரங்கள். ஆனாலும் பந்து இல்லாமல் ஆபத்தானவர்கள் அவர்கள்தான், அவர் இல்லை. 66 வெற்றி, கோப்பை. ஷூட் செய்யத் தெரியாத பையனை ‘இன்னும் தயாராகவில்லை, ஓரமாக ஆடட்டும்’ என்று மூலையில் நிறுத்துவது அவனை மொத்தமாக வீணடிப்பது. அவனுக்கு வழி ஒன்று அல்லது மூன்று.

மூன்றாவது: பெஞ்சிலிருந்து

டைரீஸ் மேக்ஸி 2020இல் 21ஆவது தேர்வாக ஃபிலடெல்ஃபியா போனார். அங்கே பாயிண்ட் கார்டாகப் பென் சிம்மன்ஸ் இருந்ததால் முதல் ஆண்டு ஆட்டத்துக்கு 15.3 நிமிடம், 8 புள்ளி, த்ரீ-பாயிண்டர் 30.1 சதவீதம். அடுத்த ஆண்டு சிம்மன்ஸ் ஆடவில்லை. 75 ஆட்டத்தில் 74இல் முதல் ஐவர், 17.5 புள்ளி, த்ரீ-பாயிண்டர் 42.7 சதவீதம். ஜேம்ஸ் ஹார்டன் வந்தபோது மறுபடி பந்தைப் பகிர்ந்தார். 2023-24 தொடக்கத்தில் ஹார்டன் போனதும் 25.9 புள்ளி, 6.2 அசிஸ்ட், வெறும் 1.7 டர்ன்ஓவர். அந்த ஆண்டு அதிக முன்னேற்றம் கண்ட வீரருக்கான விருதும் அவருக்கே. நான்கு ஆண்டில் பெஞ்ச், ஒப்படைப்பு, பகிர்வு, மறுபடி ஒப்படைப்பு என்று வழிகள் மாறி மாறி வந்தன. கிளப் போட்ட திட்டத்தைவிட, நடந்ததுதான் அதிகம்.

பெஞ்ச் வழியில் அணிகள் செய்யும் வழக்கமான தவறு, முதல் ஐவரை மொத்தமாக வெளியே எடுத்துவிட்டுப் பெஞ்ச் யூனிட்டைப் பையனோடு சேர்த்து இறக்குவது. பெஞ்சில் இருப்பவர்களில் ஷூட்டர் குறைவு என்பதால்தான் அவர்கள் பெஞ்சில் இருக்கிறார்கள். டெட்ராய்ட்டின் 2023-24 சிக்கல் ஒவ்வொரு இரவும் பத்து நிமிடம் சிறு அளவில் நடக்கும். முதல் ஐவரில் ஒருவரை, சிறந்த ஷூட்டரையோ ரோல் ஆகும் சென்டரையோ, எப்போதும் அவனோடு விட்டுவைக்க வேண்டும்.

நடைமுறையில் இப்படிப் பிரிக்கலாம். முதல் குவார்ட்டரின் கடைசி 5 நிமிடம் இறக்குங்கள்: 2 நிமிடம் மூத்தவரோடு, 3 நிமிடம் தனியாக. இரண்டாம் குவார்ட்டரின் முதல் 5 நிமிடம் தனியாக. மூன்றாவதன் கடைசி 5 நிமிடம் மறுபடி 2, 3. நான்காவதன் முதல் 4 நிமிடம் தனியாக. மொத்தம் 19 நிமிடம். அதில் 15 நிமிடம் பந்து அவனுடையது, 4 நிமிடம் செகண்ட் சைடு. 30 நிமிடம் மூலையில் நிற்பதைவிட இதில் கற்பது அதிகம். 10 ஆட்டம் இதை மாற்றாமல் ஓடவிட வேண்டும். இரண்டு மோசமான ஆட்டத்துக்குப் பிறகு 8 நிமிடமாகக் குறைத்தால், பையன் தவறு செய்யாமல் இருக்கக் கற்றுக்கொள்வான். பக்கத்தில் இருப்பவனிடம் பாஸ் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவான். டர்ன்ஓவர் குறையும், பாயிண்ட் கார்டும் போய்விடுவான்.

நான்காவது: ஜி லீக்

கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாவிட்டால் நல்ல கருவி. முதல் மூன்று ஆண்டுகளில் உள்ள வீரரை அவருடைய சம்மதம் கேட்காமலே அனுப்பலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். ஜி லீக், என்பிஏ இரண்டிலும் ஆடும் டூ-வே ஒப்பந்தம் என்றால் என்பிஏவில் 50 ஆட்டம் வரை, பிளே-ஆஃப் கிடையாது.

2016 டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத ஃபிரெட் வான்வ்லீட் டொரன்டோவில் கைல் லௌரிக்குப் பின்னால் வரிசையில் நின்றார். முதல் ஆண்டு 37 ஆட்டம், சராசரி 8 நிமிடம் கூட இல்லை. நடுநடுவே டொரன்டோவின் வளர்ச்சி லீக் அணியான ராப்டர்ஸ் 905க்கு அனுப்பினார்கள். அந்த அணி 2017இல் அந்த லீகின் கோப்பையை வென்றது. 2019 என்பிஏ இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்து 22 புள்ளி எடுத்தார்.

அனுப்புவதென்றால் ஒரு வேலையைக் கொடுத்து அனுப்ப வேண்டும். ‘இந்த நான்கு ஆட்டத்தில் இடப்பக்க பிக் அண்ட் ரோல், இடக்கைப் பாஸ்’ என்பது வேலை. ‘போய் ஆடிவிட்டு வா’ என்பது வேலை இல்லை. போனவன் 35 ஷாட் எடுத்து 40 புள்ளியோடு திரும்புவான், மேலே வந்ததும் அந்த ஷாட்டுகளில் மூன்று கூடக் கிடைக்காது. இன்னொன்று: ஜி லீக்கில் ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடம் வரை ஃபவுலுக்குக் கிடைக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோவுக்குப் பதில் ஒன்றே ஒன்று, அதற்கே இரண்டு புள்ளி. ஃப்ரீ த்ரோ சதவீதத்தை அங்கே வைத்து எடை போடாதீர்கள்.

தடுப்பும் கடிகாரமும்

தாக்குதலைவிடப் பையனைக் களத்திலிருந்து வெளியேற்றுவது பெரும்பாலும் தடுப்புதான். ஸ்கிரீனில் மோதி நின்றுவிடுவான்; பின்னால் உள்ள நால்வரும் அவனுக்காக ஓடுவார்கள். ஸ்கிரீனுக்கு முன் ஓரடி நெருங்கி, இடுப்பைக் குறுக்கி, மேல்பக்கமாக நழுவி, பந்து வைத்திருப்பவரின் பின் தோளோடு ஒட்டி ஓட வேண்டும். இதற்குப் பலம் வேண்டும், அது ஒரு கோடைகாலத்தில் வராது. இதனால்தான் தொடங்குபவன் வேறு, முடிப்பவன் வேறு என்று வைத்துக்கொள்வது நல்லது. டோனி பார்க்கரை சான் அன்டோனியோ 19 வயதிலேயே முதல் ஐவரில் இறக்கியது. ஆனால் 2003 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம் முடியும் கட்டத்தில் களத்தில் நின்றவர் ஸ்பீடி கிளாக்ஸ்டன். பார்க்கர் 2007 இறுதித் தொடரின் எம்விபி ஆனார். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த அந்தக் கடைசி நிமிடங்கள் அவரைக் கெடுத்துவிடவில்லை.

ஒப்பந்தக் கடிகாரம் இதையெல்லாம் நெருக்கும். டிராஃப்டின் முதல் சுற்றில் எடுத்தவனுக்கு இரண்டு ஆண்டு உறுதி. மூன்றாம் ஆண்டை வைத்துக்கொள்கிறோமா என்று இரண்டாம் ஆண்டு தொடங்கும்போதே, அக்டோபர் 31க்குள் சொல்லிவிட வேண்டும். அதாவது ஒரே ஒரு சீசனைப் பார்த்து. அந்த ஒரு சீசனில் தனியாகப் பந்தைக் கையாண்ட நிமிடமே இல்லை என்றால் எதைப் பார்த்து முடிவெடுப்பது? இரண்டாம் சுற்றில் வந்தவன் என்றால் வேறு ஆபத்து. ஜேலன் பிரன்சன் 2018இல் 33ஆவது தேர்வு. டல்லாஸில் டான்சிச்சுக்குப் பின்னாலும் பக்கத்திலுமாக நான்கு ஆண்டு ஆடிவிட்டு, 2022இல் ஒப்பந்தம் முடிந்து சுதந்திர வீரராக 10.4 கோடி டாலருக்கு நியூயார்க் போனார். பதிலுக்கு டல்லாஸுக்கு எந்த வீரரும் கிடைக்கவில்லை.

பகிர்விலிருந்து முழு ஒப்படைப்புக்கு எப்போது மாறுவது? 10 ஆட்டத் தொகுப்பாக மூன்றைப் பாருங்கள். அவன் தனியாக நடத்தும் நேரத்தில் முதல் ஸ்கிரீன் ஷாட் கிளாக் 14 வரை இழுக்காமல் 18இலேயே வருகிறதா? 14 என்றால் செகண்ட் சைடுக்கு நேரமே மிஞ்சாது. முழுக் கோர்ட் நெருக்கடியில் பந்தைக் கொண்டுவரவே அவன் திணறுகிறான். டர்ன்ஓவரில் இரண்டாவது குவியல் சுருங்குகிறதா? பிளிட்ஸ் வரும்போது பந்து அவன் கையைவிட்டு முன்கூட்டியே போகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மூத்தவரின் முதல் ஸ்கிரீன்களை அவனுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு சறுக்கினால் முதல் ஐவரிலிருந்து எடுக்காமல், நான்காம் குவார்ட்டரில் தனியாக விடும் 4 நிமிடத்தை மட்டும் மூத்தவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த 10 ஆட்டத்தைப் பாருங்கள்.